இன்சாஃப் மிஸ் கேட்காத கேள்வி

உள்ளறையில் தாழ்ப்பாள் விழும் சத்தம் 'டக்'கென்று கேட்டது.

இன்சாஃப் மிஸ் பேனாவை மூடக்கூட மறந்து எழுந்து நின்றார். எதிரே சோபாவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஹாஜி உவைஸ் கிளாஸைப் பாதி வழியில் நிறுத்தினார்.

"என்ன அப்லா அது?"

"காத்துல கதவு சாத்தியிருக்கும்."

"காத்தா? ஆகஸ்ட் மாசம் தமன்ஹூர்ல காத்தா?"

எகிப்தில் இருக்கும் எங்கள் தமன்ஹூர் ஊரில் ஆசிரியைகளைப் பெரியவர்கள் 'அப்லா' என்று அக்கா முறை வைத்துக் கூப்பிடுவார்கள். பெண் பிள்ளைகள் 'மிஸ்' என்பார்கள். இன்சாஃப் மிஸ் இருபத்தாறு வருடமாகப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கிறவர். ஹாஜி உவைஸ் சந்தைக்குப் பின்னால் கேஸ் சிலிண்டர் டிப்போ வைத்திருப்பவர். உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தது அவருடைய மூத்த மகள் மவத்தா. ப்ளஸ் டூ தேர்வில் தொண்ணூற்றொரு சதவிகிதம்.

அன்று சாயங்காலம் ஏழு மணியோடு அரசாங்கத்தின் இணையதளம் மூடிவிடும். நாடு முழுக்க அந்த மதிப்பெண் வரிசையில் இருக்கும் பிள்ளைகள் அதற்குள் தங்கள் கல்லூரி விருப்பங்களை ஒன்று, இரண்டு என்று வரிசைப்படுத்திப் பதிய வேண்டும். யாருக்கு எந்தக் கல்லூரி என்பதை அந்த வரிசையையும் மார்க்கையும் வைத்துக் கம்ப்யூட்டரே முடிவு செய்யும். ஒரு தடவை பதிந்ததை ஏழு மணிக்குள் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். கடைசியாக எது பதிவானதோ அதுதான் தலையெழுத்து.

அப்போது மணி ஐந்து பத்து.

இன்சாஃப் மிஸ் உள்ளறைக் கதவைத் தட்டினார். "மவத்தா! கதவத் திற கண்ணு."

"ஏழு மணிக்குத் தொறக்கறேன் மிஸ்."

ஹாஜி துள்ளி எழுந்தார். "ஏழு மணிக்கா? ஏழு மணிக்குத் தொறந்தா என்ன, தொறக்காட்டி என்னடி!"

"அதுக்காகத்தான் பாபா."

"பாத்தீங்களா அப்லா? வீட்டுல இவ வாயே தொறக்க மாட்டா. இங்க வந்து உங்க வீட்டுக் கதவ மூடறா!"

மிஸ் மறுபடியும் தட்டினார். இந்த முறை விரல் முட்டி வலிக்கத் தட்டினார். அவருக்கு வேர்த்துக் கொட்டியது. அன்று காலையிலிருந்து பதினொரு பெண்கள் வந்து போயிருந்தார்கள். பதினொரு பட்டியல்கள். ஒன்றில்கூடப் பிசகு வந்ததில்லை. மிஸ்ஸின் முறை ஊருக்கே தெரிந்தது. போன வருடம் எந்தக் கல்லூரி எந்த மார்க்கோடு மூடியது என்று அவருக்கு மனப்பாடம். மேலிருந்து கீழே படிக்கட்டு இறங்குவது மாதிரி அந்த வரிசையை அப்படியே எழுதுவார். மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல், கால்நடை, பிறகு மற்றவை. முதல் நாலில் எதைப் படித்தாலும் எங்கள் ஊரில் 'டாக்டர்'தான். எந்தப் படியில் மார்க் நிற்கிறதோ அங்கே பிள்ளை நிற்கும். "மார்க் ஒரு சொட்டுகூட வீணாகக் கூடாது" என்பார். அந்த வாக்கியத்துக்காகவே தாய்மார்கள் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள்.

பிள்ளைகள் ரகசிய எண் எழுதிய சீட்டைத் தொலைத்துவிட்டு அழுதுகொண்டு வருவார்கள் என்பதால், எல்லார் எண்ணையும் அவர் தம் நோட்டில் எழுதி வைத்துக்கொள்வார். பச்சை அட்டை நோட்டு. அதில் ஒரு ஊர்ப் பெண்களின் எதிர்காலமே இருந்தது என்றால் மிகையில்லை.

"மவத்தா, நான் உன்னோட நல்லதுக்குத்தான் சொல்றேன். மருந்தியல் உனக்குக் கெடைக்கும்மா. போன வருஷம் தொண்ணூறரைக்கு மூடிச்சு. நீ அதுக்கு மேல இருக்க!"

உள்ளே விசைப்பலகை சத்தம் நின்றது.

"மிஸ், ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"நான் மூணு மணிக்கு வந்தேன். வந்ததும் மார்க் என்னன்னு கேட்டீங்க. தேர்வு எண் கேட்டீங்க. ரகசிய எண் கேட்டு நோட்டுல எழுதிக்கிட்டீங்க. அப்புறம் டீக்கு எத்தன ஸ்பூன் சக்கரன்னு கேட்டீங்க. எனக்கு என்ன புடிக்கும்னு நீங்க கேட்டது அது ஒண்ணுதான் மிஸ்."



இன்சாஃப் மிஸ் கதவில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். மூன்று வருடம் இந்தப் பெண்ணுக்குப் பாடம் எடுத்திருக்கிறார். முதல் பெஞ்சு, இடது கை எழுத்து, தேர்வில் கடைசி ஆளாகத் தாள் கொடுப்பவள். அதற்கு மேல் என்ன தெரியும்?

"சரி. இப்பக் கேக்கறேன். உனக்கு என்ன வேணும்?"

"புவியியல். கலைக் கல்லூரில வரைபடப் பிரிவு இருக்கு. அதத்தான் முதல் விருப்பமாப் போட்டிருக்கேன்."

ஹாஜி இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். "கலைக் கல்லூரியா! அல்லாவே! அறுபது வாங்கினவள்லாம் போற எடத்துக்குத் தொண்ணூத்தொண்ணு போகுதா? அந்த மிச்சம் முப்பத வச்சு நான் என்ன ஊறுகாயா போடறது?"

"பாபா, டிப்போ செவுத்துல ஒட்டியிருக்கே ஒரு படம், அது யார் போட்டது?"

"நீதான் போட்ட. அதுக்கென்ன?"

"போன வருஷம் வரைக்கும் நம்ம வண்டிக்காரங்க ஒரே சந்துக்கு மூணு தடவ போனாங்க. நான் தெருத் தெருவா நடந்து அளந்து அந்தப் படத்தப் போட்டேன். இப்ப மத்தியானத்துக்குள்ள முடிச்சுடறாங்க. வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் 'எம் பொண்ணு போட்டது'ன்னு காட்டுறீங்களே!"

"காட்டுவேன்! ஏன் காட்டக் கூடாது? மருந்தியல் படிச்சுட்டு ராத்திரி உக்காந்து படம் போடேன், யாரு வேணாங்கறா!"

மிஸ்ஸுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. மெதுவாகக் கேட்டார்: "அதப் படிச்சா என்ன வேல கெடைக்கும் மவத்தா?"

"அதக் கேக்கத்தானே மிஸ் உங்ககிட்ட வந்தேன். உங்களுக்குத் தெரியாதா?"

வாசகர்களே, ஒரு மனுஷியின் இருபத்தாறு வருடச் சேவை ஒரு நொடியில் கண்ணாடி மாதிரி நொறுங்குவதை நீங்கள் பார்த்ததுண்டா? அந்த நடையில், மின்விசிறிகூட எட்டாத அந்த இடுக்கில், அது நொறுங்கியது. இன்சாஃப் மிஸ்ஸுக்குத் தெரியவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

பள்ளியில் ஒவ்வொரு வருடமும் 'வழிகாட்டும் நாள்' என்று ஒன்று நடக்கும். தலைமை ஆசிரியை மைக்கை மிஸ்ஸிடம் கொடுப்பார். மிஸ் போன வருடத்து மதிப்பெண் வரம்புகளை மேலிருந்து கீழே வாசிப்பார். அறுநூறு பெண்கள் குனிந்து எழுதிக்கொள்வார்கள். "கேள்வி இருக்கா?" என்பார். யாராவது ஒருத்தி எழுந்து, "மிஸ், எண்பத்தெட்டுக்கு என்ன வரும்?" என்பாள். இவர் சொல்வார். கைத்தட்டல். வழிகாட்டும் நாள் முடிந்தது.

இன்சாஃப் மிஸ்ஸின் இளமையிலும் இப்படித்தான். மருந்தியலுக்கு ஒன்றரை மார்க் குறைந்து, அந்தக் காலத்தில் அடுத்த படியாக இருந்த அறிவியல் கல்லூரியில் விழுந்து, அங்கிருந்து ஆசிரியையாக வந்தவர் அவர். அந்த ஒன்றரை மார்க்கை நினைத்து அவர் அழாத வருடமில்லை. கணவர் இறந்த வருடம்கூட, தேர்வு முடிவு வந்த தினத்தில் அதற்காகத் தனியாக அழுதார் என்று அவருடைய தங்கை சொல்வாள்.

மிஸ் கைப்பேசியை எடுத்துப் பள்ளியின் புவியியல் ஆசிரியர் உஸ்தாத் ஷெஹாத்தாவைக் கூப்பிட்டார். ஆசிரியர் அறையில் பத்து வருடமாக எதிரெதிர் நாற்காலி. அவருடைய பாடத்தைப் பற்றி மிஸ் இதுவரை ஒரு வார்த்தை விசாரித்ததில்லை.

"உஸ்தாத், புவியியல்ல வரைபடப் பிரிவு படிச்சா என்ன வேல கெடைக்கும்?"

"யாருக்கு அப்லா?"

"ஒரு பொண்ணு. தொண்ணூத்தொண்ணு."

மறுமுனையில் அலறல் கேட்டது. "தொண்ணூத்தொண்ணா? புவியியலா? அந்தப் பொண்ணுக்குக் காய்ச்சலா அப்லா? நேரம் இருக்கறப்பவே காப்பாத்துங்க!"

"நீங்க புவியியல் வாத்தியார்தானே உஸ்தாத்?"

"அதனாலதான் சொல்றேன்!" குரல் இறங்கியது. "எனக்கே சரியாத் தெரியாது அப்லா. முப்பது வருஷமா நதி, மலை, பருத்தி விளையற எடம்னு மனப்பாடம் பண்ண வச்சே காலம் போயிடுச்சு. எம் பழைய மாணவன் ஒருத்தன் நில அளவைல இருக்கான். சாட்டிலைட் படத்த வச்சு என்னமோ பண்றான். ஒரு கல்யாணத்துல பாத்தேன். சந்தோஷமாத்தான் இருந்தான். நான்தான் என்ன பண்றன்னு கேக்கல."

"யாருமே கேக்கல போல" என்று மிஸ் தனக்குள் சொல்லிக்கொண்டார்.

மணி ஆறைத் தாண்டியிருந்தது. ஹாஜி வரவேற்பறைக்கும் நடைக்குமாக நடந்து நடந்து கம்பளத்தைச் சுருட்டிவிட்டிருந்தார். மிஸ் கதவருகே போய்த் தரையில் உட்கார்ந்தார். நாற்பது டிகிரி வெயிலில் அந்த ஓடு மட்டும் குளிர்ந்திருந்தது.

"மவத்தா, எனக்குத் தெரியல. கேட்டுப் பாத்தேன், கேட்டவருக்கும் தெரியல. நீ போட்டத நான் மாத்த மாட்டேன். வெளிய வா."

"சத்தியமா?"

"சத்தியமா."

தாழ்ப்பாள் விலகியது. பெண் வெளியே வந்தாள். முகம் வீங்கி, முக்காடு ஒரு பக்கம் சரிந்து, கையில் அச்சடித்த ஒரு தாளோடு நின்றாள். முதல் வரியில் புவியியல். இரண்டாவது வரியிலிருந்து மிஸ்ஸின் படிக்கட்டு அப்படியே இருந்தது. மிஸ் அதை இரண்டு தடவை படித்தார்.

ஹாஜி தாளை வாங்கிப் பார்த்தார். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"கீழ போய் வண்டில உக்காரு. அப்லாவுக்கு நன்றி சொல்லிட்டு வரேன்."

மவத்தா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மிஸ்ஸின் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டு இறங்கினாள். மூன்று மாடி. அவள் செருப்புச் சத்தம் தேயும் வரை ஹாஜி காத்திருந்தார். கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுத் திரும்பினார்.

"ஆறு இருபத்தஞ்சு. நோட்ட எடுங்க அப்லா."

"எதுக்கு?"

"அவ நம்பர் அதுல இருக்கு. உள்ள போங்க, மருந்தியல மேல தூக்குங்க, புவியியல அடியில தள்ளுங்க. ரெண்டு நிமிஷ வேல. முடிவு வரட்டும், கம்ப்யூட்டர் கோளாறுன்னு சொல்லிக்கலாம்."

"இப்பத்தான் சத்தியம் பண்ணேன் ஹாஜி. நீங்க பக்கத்துலதான் நின்னீங்க."

"கதவத் தொறக்க வைக்கப் பண்ணீங்க. நல்லா யோசிச்சீங்கன்னு நானே மெச்சிக்கிட்டேன்!" அவர் குரலைத் தாழ்த்தினார். "புதுசா பண்றீங்களா என்ன? ரிஹாபோட அப்பா எங்கிட்ட எல்லாம் சொல்லியிருக்காரு. பள்ளிவாசல்ல என் பக்கத்துலதான் உக்காருவாரு. 'எம் பொண்ணு வணிகம்னு போட்டுட்டா, அப்லா ஒரு வார்த்தைல கால்நடை மருத்துவத்துக்கு மாத்திக் கொடுத்தாங்க'ன்னு வாயாரப் புகழ்வாரு. அதக் கேட்டுத்தானே நான் உங்க வீடு தேடி வந்தேன்!"



பன்னிரண்டு வருடம் ஆயிற்று. அன்றும் ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால்தான். அன்றும் பெண் படியிறங்கிப் போன பிறகுதான். ரிஹாப் என்ற அந்தப் பெண் முதல் விருப்பமாக வணிகவியல் போட்டிருந்தாள். அப்பா திரும்பி வந்து கெஞ்சினார். மிஸ் யோசிக்கவேயில்லை. எண்பத்தொன்பது மார்க் வீணாகிறதே என்ற ஒரே தவிப்பில் மாற்றினார். கால்நடைக் கல்லூரியில் முதல் மாதமே, அறுத்து வைத்த மாட்டைப் பார்த்து ரிஹாப் மயங்கி விழுந்தாள். இரண்டு வருடம் தோற்றாள். மூன்றாவது வருடம் போகவில்லை.

இப்போது ரயில் நிலையப் பாலத்தடியில் கைப்பேசி உறை விற்கிறாள். மிஸ் அந்தப் பக்கமே நடப்பதில்லை. ஒரே ஒரு தடவை மழைக்கு ஒதுங்கியபோது மாட்டிக்கொண்டார். ரிஹாப் முக்காலியைத் துடைத்துப் போட்டு உட்கார வைத்தாள். "நீங்க எனக்கு நல்லதுதான் நெனச்சீங்க மிஸ். என்னோட முதல் விருப்பம் எங்க போச்சுன்னுதான் இன்னும் புரியல. கம்ப்யூட்டர் தப்பு பண்ணிடுச்சுன்னு அப்பா சொன்னாரு" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். மிஸ் மழை விடுவதற்கு முன்பே எழுந்து நனைந்துகொண்டு போய்விட்டார்.

"அந்தப் பொண்ணு இப்ப என்ன பண்றான்னு அவங்கப்பா சொன்னாரா ஹாஜி?"

"கடை வச்சிருக்கா. அது அவ விதி. ஆனா ரெண்டு வருஷம் அந்த வீட்டு வாசல்ல 'டாக்டர் ரிஹாப் இருக்காங்களா'ன்னு கேட்டாங்களே! அது யாருக்குக் கெடைக்கும்?"

ஹாஜி சட்டென்று உட்கார்ந்தார். அந்தப் பெரிய உடம்பு சோபாவில் சுருங்கிப் போனது.

"நான் பன்னெண்டு வயசுல சிலிண்டர் தூக்க ஆரம்பிச்சவன் அப்லா. எல்லாப் பயலும் என்னை 'ஏ கேஸு'ன்னுதான் கூப்பிடுவான். இப்ப ஹாஜின்றான், ஆனா அந்தக் கேஸு போகல. எம் பொண்ணு பேருக்கு முன்னால 'டாக்டர்'னு ஒட்டிட்டா, அவ புள்ளைங்கள யாரும் 'கேஸுக்காரன் பேரன்'னு சொல்ல மாட்டான். நான் வேற என்ன கேட்டேன்?"

அவர் கண்ணில் நீர் நின்றது. அது நாடகமில்லை. மிஸ்ஸின் கை தானாக நோட்டைத் திறந்தது. பன்னிரண்டாவது பெயர். எண் அங்கே இருந்தது. ஆறு முப்பத்தைந்து. அவர் விரல் அந்த எண்ணின் மேல் நின்றது. ஹாஜி கேட்டதற்காக மட்டுமில்லை. தொண்ணூற்றொன்று அறுபதின் வாசலில் போய் நிற்பதை அவராலேயே பொறுக்க முடியவில்லை. உடம்பெல்லாம் அரித்தது. ரெண்டே நிமிஷ வேலை.

நோட்டை மூடினார்.

"முடியாது."

"அந்தப் படிப்பப் பத்தி உங்களுக்கே ஒண்ணும் தெரியாதுன்னீங்க! தெரியாத கெணத்துல எம் பொண்ணத் தள்றீங்களா?"

"மருந்தியலும் எனக்குத் தெரியாது ஹாஜி. எந்தக் கல்லூரி வாசல்ல எத்தன மார்க் கேப்பாங்கன்னு தெரியும். உள்ள என்ன நடக்குதுன்னு ஒரு நாள்கூடப் போய்ப் பாத்ததில்ல. ஒரு மருந்துக் கடைக்காரர் நாள் முழுக்க என்ன பண்றாருன்னு கேட்டதில்ல. இத்தன வருஷம் இத்தன புள்ளைங்கள நான் வாசல்ல விட்டுட்டு வந்திருக்கேன். ரிஹாபோட விதியில்ல அது. என் கை அது. கம்ப்யூட்டர் தப்பே பண்ணல."

"அப்ப நம்பரக் கொடுங்க. நானே மாத்திக்கறேன். சீட்ட அவ பொத்திப் பொத்தி வச்சிருக்கா, எங்கிட்டக் காட்டவே மாட்டா."

"மாட்டேன்."

அவர் கையை நீட்டினார். மிஸ் நோட்டை மடியில் வைத்து இரண்டு கையையும் அதன் மேல் வைத்துக்கொண்டார். ஹாஜி நீட்டிய கையைப் பார்த்தார், தம் வயதையும் நினைத்திருப்பார், மெதுவாக இழுத்துக்கொண்டார்.

கீழே தெருவில் யாரோ கேஸ் விற்றபடி சிலிண்டர் மேல் ஸ்பேனரால் தட்டிக்கொண்டு போனார்கள். மிஸ்ஸின் கைப்பேசி நாலு தடவை அதிர்ந்தது, எடுக்கவில்லை. ஆறு நாற்பத்தெட்டு. ஹாஜி எழுந்தார், உட்கார்ந்தார். ஜன்னலுக்குப் போய்க் கீழே வண்டியைப் பார்த்தார். "தூங்கறாளா என்ன" என்றார், யாரிடமும் இல்லாமல். ஆறு ஐம்பத்து மூன்று. மிஸ்ஸின் உள்ளங்கை வேர்வையில் நோட்டின் அட்டை ஈரமாகிப் பச்சைச் சாயம் விரலில் ஒட்டியது. இப்போதுகூட நேரம் இருக்கிறது. இப்போதுகூட. நான் செய்வது சரியா? பெண் ஐந்து வருடம் கழித்து வேலையில்லாமல் வந்து இதே சோபாவில் உட்கார்ந்தால்? ஆறு ஐம்பத்தெட்டு.

ஏழு.

மிஸ் உள்ளறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "மூடிட்டாங்க."

ஹாஜி உவைஸ் தலையை ஆட்டினார். சுருங்கிக் கிடந்த கம்பளத்தைக் காலால் நீவிச் சரி செய்தார், வந்த வீட்டை வந்தபடி விட்டுப் போக வேண்டும் என்பது போல. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

"எங்க தெருவுல இனிமே ஒரு பொண்ணும் உங்க படி ஏறாது அப்லா. நான் ஏற விட மாட்டேன்."

"வந்தா, முதல்ல வேற கேள்வி கேப்பேன் ஹாஜி."

"யாரும் வர மாட்டாங்க."

"மவத்தாவ மட்டும் திட்டாதீங்க."

அவர் வெளியே போய்க் கதவைத் தன் பக்கமாக இழுத்தார். அது முழுக்கச் சாத்திக்கொண்டது.